ஒன்பதடி நாலு அங்குலம்

3-7-1988, ஞாயிறு

இதையெல்லாம் நான் முன்பே சொல்லிவிட்டேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால், எழுபத்தேழு புயல் முடிந்த வாரமே, தங்கப்பன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "கடல் இனிமே சும்மா இருக்காதுடா, ஏறும்" என்றேன். கேட்டவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். கடையில் எட்டுப் பேர்தான் உட்கார முடியும். மற்றவர்கள் நின்றுகொண்டு கேட்டார்கள்.

இன்று பேப்பரில் போட்டிருக்கிறான். தங்கப்பன் உரக்கப் படித்தான். பூமி சூடாகிறதாம். நிலக்கரியும் பெட்ரோலும் எரிகிற புகை மேலே தங்கிப்போகிறதாம். பனிமலை உருகிக் கடல் ஏறுமாம். அமெரிக்காவில் விஞ்ஞானிகள் கூடிச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கூடிச் சொன்னார்கள், நான் ஒண்டியாகச் சொன்னேன்.

"அமெரிக்காக்காரனுக்கு நீங்கதான் லெட்டர் போட்டீங்களாண்ணே?" என்றான் தங்கப்பன்.

போட்டிருப்பேன். விலாசம் இல்லை.

என்றைக்காவது யாராவது இந்த நோட்டைப் படிப்பார்கள் என்பதால் முறையாக எழுதி வைக்கிறேன். பெயர் உத்திராபதி. படிப்பு, பிரெஞ்சுக்காரன் காலத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அந்த மூன்று இந்தக் காலத்து எட்டுக்குச் சமம். வேலை, லஸ்கர். பட்டினச்சேரிக்குப் போகிற வழியில், வாய்க்கால் கடலில் சேருகிற இடத்தில் ரெகுலேட்டர் இருக்கிறது. மூன்று ஷட்டர். மழைத் தண்ணீர் வடிய ஏற்ற வேண்டும். கடல் ஏறுகிற சமயம் உப்புத் தண்ணீர் வயலுக்குள் வராமல் இறக்க வேண்டும். காலையும் மாலையும் அளவுப் பலகையைப் பார்த்து, தண்ணீர் எத்தனை அடி என்று ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். இந்தப் பக்கத்து முந்நூறு வேலி நிலமும் என் கையில்தான் இருக்கிறது என்று சொன்னால் செல்லம்மா சிரிப்பாள். செல்லம்மா என் சம்சாரம்.

புயலன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். தீபாவளிப் பலகாரம்கூடத் தீரவில்லை. விடிகிற நேரம். ஆள் நிற்க முடியாத காற்று. நான் போய் மூன்று ஷட்டரையும் ஒற்றை ஆளாக இறக்கினேன். மார்பளவு தண்ணீரில் நின்று மட்டம் பார்த்தேன். ஒன்பதடி நாலு அங்குலம். ஷட்டரின் தலையே ஒன்பதடிதான். கடல் அதற்கும் மேலே நாலு அங்குலம் வழிந்து உள்ளே போனது. மனுஷன் என்ன செய்ய முடியும்?

"அளவுப் பலகையே எட்டடி வரைக்கும்தானேண்ணே" என்று தங்கப்பன் வருஷாவருஷம் கேட்பான். எட்டடிக்கு மேலே சாணால் அளந்தேன் என்று வருஷாவருஷம் சொல்வேன்.

மற்ற கதைக்கெல்லாம் சிரிக்கிற செல்லம்மா இதற்கு மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

10-7-1988

காவிரித் தண்ணீர் இன்னும் இங்கே வந்து சேரவில்லை. பீடியை இருபதிலிருந்து பதினைந்தாகக் குறைத்திருக்கிறேன், பூமிக்காக.

24-7-1988, ஞாயிறு

நீலாயதாட்சி வந்தாள். என் தங்கை சொர்ணாம்பாளின் மகள். போலகத்திலிருந்து சைக்கிளிலேயே வந்துவிட்டாள். சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் இவ்வளவு படித்தது அவள்தான். எனக்கு அடுத்தபடியாக.

"மாமா, ஒங்க பழைய ரிஜிஸ்தரெல்லாம் வேணும். நம்ம கடலு ஏறுதா, நெலத்தடியில உப்பு ஏறுதான்னுதான் நான் கட்டுரை எழுதணும்."

டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினேன். எழுபத்து நாலிலிருந்து எல்லாம் இருக்கிறது. ஆபீசில் வைக்க இடமில்லை என்றபோது நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்துதான். (எலி கடிக்காமல் இருக்கச் செல்லம்மா வேப்பிலை போட்டு வைத்திருந்தாள். அதையும் எழுத வேண்டும்.)

புகைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். தெரியாமல் இல்லை, அவளுக்குத் தெரிகிறதா என்று பார்க்க.

"நாம எரிக்கிற கரி, பெட்ரோல் எல்லாத்துலேர்ந்தும் வர்ற வாயு போர்வை மாதிரி மேல தங்கிடுது மாமா. வெயிலு உள்ள வரும், சூடு வெளியில போகாது. தண்ணி சூடானா எடம் கொஞ்சம் கூடக் கேக்கும். அம்மாம் பெரிய கடலு கொஞ்சம் கூடக் கேட்டாப் போதாதா? அதோட பனியும் உருகுது. நம்ம பக்கம் இன்னொண்ணும் இருக்கு. ஆத்துத் தண்ணி கொறஞ்சுட்டா உப்பைத் தள்ள ஆள் இல்ல."

"அப்ப நான் குடிக்கிற பீடி?"

"அது ஒங்க நெஞ்சுக்குத்தான் கெடுதி. பூமிக்கு இல்ல."

உள்ளேயிருந்து செல்லம்மா, "அஞ்சு பீடிய நிறுத்திட்டு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரும்மா" என்றாள்.

கடல் எவ்வளவு ஏறியிருக்கும் என்று கேட்டேன். ஒரு முழம் இருக்குமா? அவள் சுண்டுவிரலைக் காட்டினாள். "இந்தத் தடிமன் இருந்தாலே பெருசு."

சுண்டுவிரலா. ஒரு சுண்டுவிரலுக்கா நான் பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சின்னக் கணக்கா இருந்தாலும் நெசமா இருக்கணும் மாமா. அதுதான் நிக்கும்."

14-8-1988, ஞாயிறு

போலகம் போனேன். சொர்ணம் டீ போட்டுக் கொடுத்தாள். வாயில் வைத்ததும் கரித்தது. சர்க்கரையை இன்னும் ஒரு கரண்டி போட்டுவிட்டு, "ஒனக்கு இனிப்புப் புடிக்குமேன்னு" என்றாள். கிணறு இந்தக் கோடையில்தான் இப்படி ஆனதாம்.

அவளுக்கு ஒன்பது மா நிலம், மூன்று ஏக்கர். புயலுக்குப் பிறகு மூன்று வருஷம் அதில் ஒன்றும் முளைக்கவில்லை. வெயிலில் உப்பு வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்கும். மச்சான் காரைக்காலுக்கு மில் வேலைக்குப் போனார். தூசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தவறி நாலு வருஷம் ஆகிறது.

"இந்தச் சம்பாவும் உப்பு அடிச்சுதுன்னா வித்துட வேண்டியதுதாண்ணே. நான் நீலாகூடச் சிதம்பரம் போயி அவளுக்குச் சோறாக்கிப் போட்டுக்கிட்டுக் கெடக்குறேன்."

விற்க வேண்டாம், ஷட்டரை ஒன்றரை அடி உயர்த்திக் கரையையும் கட்டிவிட்டால் போதும் என்றேன். கிராமத்தார் எழுதிக் கேட்டும் இருக்கிறார்கள். எஞ்சினியர் நல்ல மனுஷர்தான். ஆனால் கடல் ஏறுகிறது என்பதற்குக் கணக்கு வேண்டும் என்கிறார். நீலா எழுதுகிற கட்டுரைதான் அந்தக் கணக்கு. அவளுடைய கணக்குக்கு ஆதாரம் என் ரிஜிஸ்தர்.

அதாவது என் தங்கையின் ஒன்பது மாவும் என் கையெழுத்தில் இருக்கிறது. இதில் நான் மிகைப்படுத்தவில்லை.

11-9-1988, ஞாயிறு

நீலா வந்தாள். கட்டம் போட்ட தாளை விரித்தாள். வருஷத்துக்கு ஒரு புள்ளி, அந்த வருஷத்தின் அதிகபட்ச மட்டம். எழுபத்து நாலிலிருந்து வரிசையாக. நடுவே ஒரு கோடு.

"மாமா, ஒங்க கணக்குப்படி கடலு எறங்குது."

"எறங்குதா?"

"இங்க பாருங்க. எல்லாப் புள்ளியும் ஒண்ணொண்ணா மெல்ல மேல போவுது. எழுபத்தேழு மட்டும் ஒத்தப் பனமரமாட்டம் நிக்குது. முன்னாடியே அவ்வளவு ஒசரம் இருக்கிறதால கோட்டோட தலையைத் தூக்கி வாலைக் கீழ சாச்சு விட்டுடுது. எஞ்சினியரு இதப் பாத்தா, எறங்குற கடலுக்கு எதுக்குய்யா ஷட்டரை ஏத்தணும்பாரு."

"அத எடுத்துடேன்."

"நமக்குத் தோதா இல்லங்கிறதுக்காக எடுக்கக் கூடாது மாமா. எங்க சாரும் அதான் சொன்னாரு. அளவு எடுத்தவரு எடத்துல நின்னு பாத்தாரா, பெறவு யூகிச்சு எழுதினாரான்னு கேட்டு எழுதி வாங்கிட்டு வான்னாரு. நின்னு பாத்திருந்தா அது இருக்கணும். நீங்க நின்னுதானே பாத்தீங்க?"

"மார்பளவு தண்ணியில" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பதினோரு வருஷப் பழக்கம்.

12-9-1988

காலை மட்டம் மூன்றடி இரண்டு அங்குலம். ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.

18-9-1988

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "12-11-77 அன்று விடியற்காலை நான் நேரில் நின்று அளந்தது." கீழே பிரெஞ்சில் போடுவதுபோல ஒரு சுழி விட்டேன். நீலா மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். முகத்தில் சந்தோஷமே இல்லை. ஆனாலும் தாங்க்ஸ் மாமா என்றாள்.

நான் எழுதிக் கொடுத்ததால் அவளுக்கு நல்லதா கெட்டதா? கெட்டது. தெரிந்துதானே போட்டேன்? தெரிந்துதான்.

2-10-1988

செல்லம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் பேசினாள்.

"ஊருல எவன்கிட்ட என்னா வேணாலும் சொல்லுங்க. தங்கப்பன் கேட்டுட்டு டீ ஆத்தப் போயிடுவான். நீலா ஒங்கள நம்பி எழுதுறா."

"நான் என்னா தப்பாச் சொல்லிட்டேன் இப்ப?"

"நான் ஒண்ணும் சொல்லல."

நறுக்கியதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. மறுசோறு வாங்கவில்லை.

24-10-1988, திங்கள்

பௌர்ணமிக் கடல். ஷட்டர் மூன்றும் இறக்கியே இருந்தது. அடியில் தகடு இற்றுப்போன இடம் வழியாக நாள் முழுக்கத் தண்ணீர் சீறிக்கொண்டு உள்ளே வந்தது. சாக்கில் மண் அடைத்துப் போட்டேன். மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்த பட்டினச்சேரி ஆள் ஒருவன் பார்த்துவிட்டு, வலையை வைத்துவிட்டு வந்து கூடப் பிடித்தான். "கடலைச் சாக்குல கட்டுறியளாண்ணே" என்றான். இருபது சாக்கு போட்டோம். (பன்னிரண்டு. இனிமேல் எண்ணித்தான் எழுதுவது.)

மாலை போலகம் ஓடினேன். சொர்ணம் வரப்பில் நின்றாள். நட்டு மூன்று வாரம் ஆகாத பயிர். வாய்க்கால் ஓரத்து இரண்டு மா நுனி கருகிக் கிடந்தது. மழை நன்றாகப் பெய்து கழுவிவிட்டால் மீதி பிழைக்கும்.

"நீ என்னா பண்ணுவ, ஒனக்கு வயசாகல? புயலப்பவும் மார்பளவுத் தண்ணியில நின்னு ஒத்த ஆளாப் போராடுன. அதுக்கே நான் கோயில் கட்டணும்" என்றாள்.

நிஜமாகத்தான் சொன்னாள். கேலி இல்லை. கேலி செய்திருந்தால் நின்றிருப்பேன். அங்கே அவள் பக்கத்தில் நிற்க முடியவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன், ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

6-11-1988, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்கு நீலா ஊருக்கு வந்திருக்கிறாள். தாயும் மகளும் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார்கள். போய் உட்கார்ந்தேன். நீலாவிடம் அந்தத் தாளைக் கொண்டு வரச் சொன்னேன். நாலாக மடித்துக் கிழித்தேன்.

"நான் போகல" என்றேன்.

இருவருக்கும் புரியவில்லை. வரிசையாகச் சொன்னேன். முதல் நாள் மழைத் தண்ணீர் வடிவதற்காக மூன்று ஷட்டரையும் ஏற்றி வைத்திருந்தேன். விடிகாலையில் ஓடு பறந்து, தெற்குச் சுவர் விழுந்தது. நானும் செல்லம்மாவும் காலியாகக் கிடந்த நெல் பத்தாயத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டோம். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, போக வேண்டாம் என்று அழுதாள். என்னால் உதறிவிட்டுப் போக முடியவில்லை. வெளிச்சம் வந்து நான் ரெகுலேட்டருக்குப் போனபோது கடல் உள்ளே வந்து போயிருந்தது. ஷட்டர் மூன்றும் ஏற்றியபடியே இருந்தன. மட்டம் பார்க்க ஒன்றுமில்லை. பலகையே சாய்ந்து கிடந்தது. கடல் ஷட்டரைத் தாண்டி வந்தது என்றால்தான் என்மேல் பழி வராது. அதனால் ஒன்பதுக்கு மேலே ஒரு நாலு போட்டேன்.

எண்ணெய் காய்ந்து புகைந்தது. நீலாதான் சட்டியை இறக்கினாள்.

சொர்ணம் வெகுநேரம் மாவைப் பிசைந்தாள். பிசைய வேண்டிய பதம் எப்போதோ தாண்டிவிட்டது.

"மூணு வருஷம்ணே" என்றாள்.

"ஆமாம்."

"அவுரு மில்லுக்குப் போனது..."

"ஆமாம் சொர்ணம்."

"அண்ணி புடிச்சுக்கிட்டாங்களா" என்றாள். நான் தலையை ஆட்டினேன். "பொம்பள பயந்திருப்பா" என்றாள். என் கையில் நாலு முறுக்கு வைத்தாள். அவள் கண் என்மேல் இல்லை.

நீலா வாசல் வரை வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன்.

"அன்னிக்கு வந்த கடலு கரையவே தாண்டியிருக்கலாம் மாமா. நீங்க போயி இறக்கியிருந்தாலும் வயலு தப்பிச்சிருக்குமா, இல்லையான்னு சொல்ல முடியாது. அளவு இருந்தாத்தானே சொல்ல முடியும்."

அப்படியானால் என் தப்பு எத்தனை அடி என்று எனக்கே கடைசிவரை தெரியப்போவதில்லை.

20-11-1988, ஞாயிறு

மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. சொர்ணத்தின் வயலில் ஏழு மா பச்சைக்குத் திரும்பிவிட்டது. எண்ணிப் பார்த்தேன், ஏழுதான்.

நீலா புதுத் தாள் கொண்டு வந்தாள். எழுபத்தேழுக்கு நேரே வெறும் இடம். அடியில் சின்ன எழுத்தில், "இவ்வாண்டின் அளவு கிடைக்கவில்லை" என்று போட்டிருந்தாள். கோடு மேலே போகிறது. அவள் காட்டிய சுண்டுவிரலைவிட ஒரு நூல் கூடத்தான். பதினாலு வருஷக் கணக்கை வைத்து உலகத்துக்கே சொல்ல முடியாது, ஒரு ஊரில் தரை தாழ்ந்தாலும் இப்படித்தான் தெரியும், ஆனால் இந்த ரெகுலேட்டருக்கு இது போதும் என்றாள். எஞ்சினியர் வாங்கி வைத்துக்கொண்டாராம். மேலே அனுப்புவதாகச் சொன்னாராம். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. "அளவுகள்: திரு. உத்திராபதி, லஸ்கர்." திரு என்று போட்டிருக்கிறாள். தங்கப்பனிடம் காட்டவில்லை. காட்ட வேண்டும் என்றே தோன்றவில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று அவன்தான் கேட்டான்.

இது நல்ல சேதி. கெட்ட சேதி ஒன்று இருக்கிறது. தீபாவளிக்கு இந்த வருஷம் சொர்ணம் இங்கே வரவில்லை. முன்னெல்லாம் வந்தால் நேரே அடுப்படிக்குத்தான் போவாள், அண்ணியும் நாத்தனாரும் பேச ஆரம்பித்தால் சோறு குழையும். நேற்று போலகத்தில் ஒரு வளைகாப்பு. செல்லம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் சொர்ணம் எழுந்து பந்தி கவனிக்கப் போய்விட்டாளாம். செல்லம்மா இதை என்னிடம் சொல்லவில்லை. அங்கே சமையலுக்குப் போயிருந்த காசியம்மா சொன்னாள். போலகத்தில் நான் சொன்னது செல்லம்மா காதுக்கும் எட்டியிருக்கிறதாம்.

21-11-1988

கேட்டேன். "ஏன் செல்லம்மா, நீ அவகிட்ட ஒண்ணும் சொல்லலியா?"

"என்னான்னு சொல்ல?"

"உள்ளத."

"நீங்க கெட்ட பேரு எடுத்தாத் தாங்க மாட்டீங்க. நான் தாங்குவேன்" என்றாள். என் சட்டையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்தாள். "அண்ணன் தங்கச்சி பேசிக்கிட்டு இருந்தாச் சரி."

27-11-1988

பீடி எட்டு. யாரிடமும் சொல்லவில்லை.

4-12-1988, ஞாயிறு

மாலை மட்டம் நாலடி ஒரு அங்குலம். ஷட்டர் மூன்றும் அரை அடி ஏற்றியிருக்கிறது, மழைத் தண்ணீர் வடிகிறது.

சாப்பிட்டதும் போலகம் போகிறேன். செல்லம்மாவும் வருகிறாள். எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. புதுப் புடவை கட்டட்டுமா என்று கேட்டாள், கட்டிக்கொள் என்றேன். அங்கே போய் உட்கார்ந்ததும் வாய் தன் வழிக்குப் போய்விடும். எனக்கு என் வாயைத் தெரியும். அதனால் இங்கே முதலில் எழுதிவிட்டு, எழுதியதை அப்படியே சொல்லப் பார்க்கிறேன்.

சுவர் விழுந்தது நிஜம். பத்தாயம் நிஜம். ஷட்டர் ஏற்றிக் கிடந்தது நிஜம். செல்லம்மா அழவில்லை. பத்தாயத்து மூடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஷட்டரு ஏத்தியே கெடக்குதுங்க. போயி இறக்கிட்டு வந்துடுங்க. நான் இருந்துக்குவேன்" என்றாள். இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை, "நான் வேணா கூட வரட்டுமா" என்றாள்.

எனக்குப் பயம். வெளியே அந்தச் சத்தம். நான் எழுந்திருக்கவில்லை.

அவள் என் சட்டையைப் பிடிக்கவே இல்லை. அவள் புடவைத் தலைப்பை நான்தான் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன், வெளிச்சம் வருகிறவரைக்கும்.